சாப்பிட மறுக்கும் பஃபர் மீன்: தண்ணீரில் தொடங்குங்கள், தீனி கடைசியில்

"அண்ணா, மூணு நாளா ஒண்ணுமே தொடமாட்டேங்குது. புழு போட்டேன், பெல்லட் போட்டேன், கடைசியா இறாலை நறுக்கிக்கூடப் போட்டேன்" என்று பக்கத்துத் தெருப் பையன் போனில் புலம்பினான். நான் கேட்ட முதல் கேள்வி, போட்ட இறால் இப்போது எங்கே என்பதுதான். அது தொட்டி மூலையில், சரளைக்கல் இடுக்கில், பஞ்சு மாதிரி வெளுத்து ஊறிக்கொண்டிருந்தது. மீன் எதிர் மூலையில் கண்ணாடியை ஒட்டி மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருந்தது.

இதே காட்சியை என் வீட்டிலும் பார்த்திருக்கிறேன். பஃபர் வாயை மூடிக்கொண்டால் நமக்குக் கை சும்மா இருப்பதில்லை. தீனியை மாற்றி மாற்றிப் போடுவோம், போட்டது அழுகும், தண்ணீர் கெடும், மீன் இன்னும் ஒடுங்கும். அதனால் இந்த வழிகாட்டியில் தீனி கடைசியில்தான் வரும். இன்றைக்கு எதையும் போடாதீர்கள். கிடக்கிற மிச்சத்தை ஒரு மெல்லிய டியூபால் உறிஞ்சி வெளியே எடுத்துவிட்டு வந்து மேலே படியுங்கள்.

உங்களிடம் இருப்பது எந்த பஃபர்?

கடற்கரைக்காரர்களுக்கு இது பேத்தை மீன். வலையில் மாட்டினால் விஷ மீன் என்று மணலில் வீசிவிடுவார்கள், பிள்ளைகள் குச்சியால் குத்தி உப்பவைத்து விளையாடுவார்கள். நம் ஊர்க் கடைகளில் தொட்டிக்கென்று அதிகம் கிடைப்பது அதன் குட்டித் தம்பி, பீ பஃபர் என்கிற பட்டாணி பஃபர். முழுதாக வளர்ந்தாலும் 3 செ.மீ. சொச்சம்தான். மஞ்சளும் பச்சையும் கலந்த உடம்பில் கரும்புள்ளிகள் திட்டுத் திட்டாக இருக்கும். கேரளத்து ஆறுகளில், செடி அடர்ந்த, ஓட்டம் குறைந்த இடங்களில் வாழ்வது. 1941-இல் ஹோராவும் நாயரும் பம்பை ஆற்று மீனை வைத்து அறிவியல் பெயர் கொடுத்தார்கள், அந்தப் பெயரிலேயே திருவிதாங்கூர் இருக்கிறது. கடைக்கு வருபவற்றில் நிறைய ஆற்றில் பிடித்தவை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஆற்றில் பிடித்த மீனுக்குப் பெல்லட், அதாவது கடையில் விற்கும் உருண்டைத் தீனி, என்றால் என்னவென்றே தெரியாது. அதன் வயிற்றில் குடற்புழு இருக்கவும் வாய்ப்பு அதிகம். செடி இல்லாத மொட்டைத் தொட்டியில் விட்டால் நடுரோட்டில் நிற்பது போலத் தவிக்கும்.

உங்கள் மீன் இதைவிடப் பெரிதாக, வெள்ளை வயிறும் பச்சை முதுகில் வட்டமான கரும்புள்ளிகளுமாக இருந்தால் அது பச்சைப் புள்ளி பஃபர். அதை நன்னீர் மீன் என்று சொல்லி விற்கிறார்கள், நானும் அப்படித்தான் ஏமாந்தேன். உண்மையில் அது கழிமுக மீன், 15 செ.மீ. வரை வளரும், வளர வளர உப்புத் தண்ணீர் கேட்கும். நன்னீரில் கொஞ்ச காலம் நன்றாகவே இருந்துவிட்டு அப்புறம் வயிறு கறுத்து, மந்தமாகி, தீனியை விடும். இதற்கு மருந்து கடல் மீன் தொட்டிக்கு விற்கும் உப்புதான், சமையல் உப்பு வேண்டாம். லிட்டருக்கு 7, 8 கிராம் போட்டால், தண்ணீரின் உப்பை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் 1.005 காட்டும். அதை ஒரே நாளில் கொட்டாமல், ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மாதத்தில் ஏற்றுங்கள். கீழே சொல்வதெல்லாம் பட்டாணி பஃபரை வைத்துச் சொல்வது. உப்பு விஷயத்தைத் தவிர மற்றது பெரியதற்கும் பொருந்தும்.

நாட்களை எண்ணாதீர்கள், வயிற்றைப் பாருங்கள்

புதிதாக வாங்கி வந்த மீன் முதல் 2, 3 நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம். பையில் கட்டி, பைக்கில் குலுக்கி, தெரியாத தண்ணீரில் விட்டால் எந்த மீனுக்குப் பசிக்கும்? பக்கவாட்டிலிருந்து வயிற்றைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் அவசரமே இல்லை. தட்டையாக இருந்தால் கவனம் தேவை, ஆனால் நேரம் இருக்கிறது. உள்ளே குழிந்து, மேலிருந்து பார்க்கும்போது தலை மட்டும் பெரிதாகவும் உடம்பு ஒடுங்கியும் தெரிந்தால்தான் ஆபத்து. தினமும் ஒரே நேரத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத மெலிவு போட்டோக்களை அடுத்தடுத்துப் பார்க்கும்போது தெரிந்துவிடும்.

எப்போது நிறுத்தியது என்பதையும் யோசித்துப் பாருங்கள். வந்த நாளிலிருந்தே சாப்பிடவில்லை என்றால் பயம், இல்லாவிட்டால் தீனி அடையாளம் தெரியவில்லை. மாதக்கணக்கில் நன்றாகத் தின்றுவிட்டு ஒரே நாளில் நிறுத்தியது என்றால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். தின்கிறது, ஆனாலும் மெலிகிறது, அப்புறம் மெல்ல மெல்லத் தீனியை விட்டது என்றால் குடற்புழு.

மீன் தவிக்கிறதா என்பதைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். கண்ணாடியை ஒட்டி ஓயாமல் மேலும் கீழும் ஓடும், நிறம் மங்கும் அல்லது திடீரென்று கறுக்கும், துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும், வாலைப் பக்கவாட்டில் மடித்துக்கொண்டு தரையில் உட்காரும். செவுள் படபடவென்று அடித்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தண்ணீரைப் பாருங்கள்.

முதல் நாள் முழுக்கத் தண்ணீருக்கு

தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் இல்லையென்றால் இன்றே வாங்குங்கள். மீன் கழிவும் மிச்சத் தீனியும் அழுகும்போது வரும் விஷம் அமோனியா. பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். ஸ்ட்ரிப்பைவிட சொட்டு மருந்து வகை நம்பகமானது. அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு) கீழே இருக்க வேண்டும். "தண்ணி பளிங்கு மாதிரி இருக்கே" என்பது ஒரு கணக்கே இல்லை, அமோனியாவுக்கு நிறம் கிடையாது.

அமோனியாவோ நைட்ரைட்டோ கொஞ்சம் தெரிந்தாலும், 0.25 காட்டினாலும், உடனே மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை தண்ணீரை மாற்றுங்கள். மறுநாள் மறுபடி சோதியுங்கள், தேவையென்றால் மறுபடி மாற்றுங்கள். பிஎச் 8-ஐ ஒட்டி நிற்கிற போர் தண்ணீர் உள்ள வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை: பிஎச்சும் சூடும் ஏற ஏற அதே அளவு அமோனியா அதிக விஷமாகும். ஆகவே மே மாத போர் தண்ணீர்த் தொட்டியில் "கொஞ்சம்தானே" என்று விடக்கூடாது. மற்றபடி கடினத் தண்ணீர் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். பிஎச் 7-க்கும் 8-க்கும் நடுவில் எங்கே இருந்தாலும் பட்டாணி பஃபர் பழகிக்கொள்ளும். பிஎச்சைச் சரிசெய்கிறேன் என்று மருந்து ஊற்றி ஏற்றி இறக்குவதுதான் அதைக் கொல்லும்.

ஊற்றும் புதுத் தண்ணீரில் குளோரின் இருக்கக்கூடாது. குழாய்த் தண்ணீரோ லாரித் தண்ணீரோ, ஆன்டி-குளோரின் போட்டுக் கலக்கிய பிறகுதான் ஊற்ற வேண்டும். மொட்டைமாடி டேங்க்கிலிருந்து மதியம் வரும் தண்ணீர் கொதிக்கும். காலையிலேயே பிடித்து, தொட்டியின் சூட்டுக்கு வரும்வரை பக்கெட்டில் வையுங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுத்தபத்தமாக இருக்கட்டுமே என்று ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கழற்றி, பால்கனிக் குழாயடியில் பிழிந்து பிழிந்து புதுசு மாதிரி கழுவி மாட்டினேன். அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா குடியிருந்தது அந்த அழுக்குப் பஞ்சில்தான். குழாய்க் குளோரின் அதை ஒழித்துவிட்டது. நாலாம் நாள் இரண்டு பஃபரும் தீனியை விட்டன. நானோ ஒரு வாரம் புழுவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், கடையை மாற்றினேன், பிராண்டை மாற்றினேன். டெஸ்ட் கிட்டை எடுத்துப் பார்த்தபோது அமோனியா 1 பிபிஎம். பஞ்சை எப்போதும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில், ஒரு மக்கில், இரண்டு முறை அழுத்திப் பிழிந்தால் போதும். புதுத் தொட்டி என்றால் அந்தப் பாக்டீரியா ஊறி நிலைக்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் பஃபரை விட்டுவிட்டீர்கள் என்றால் தண்ணீர் மாற்றுவதுதான் உங்கள் தினசரி வேலை. தெரிந்தவர் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போடுவது இதைவிடச் சுலபம்.

சூடு 24 முதல் 28 டிகிரி வரை. சென்னை வெயிலில் 31, 32-க்குப் போனால் மூடியைத் திறந்து, வலை போட்டு, சின்ன ஃபேன் ஒன்றைத் தண்ணீரின் மேல்மட்டத்தில் படும்படி வைத்தால் 2 டிகிரி இறங்கும். குறையும் தண்ணீருக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஐஸ் கட்டி போடாதீர்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு நேர்மாறு, அங்கே ஹீட்டர் இல்லாமல் பஃபர் சாப்பிடாது.

மருந்தைக் கையில் எடுக்காதீர்கள்

மஞ்சள்தூள், கல் உப்பு, நீல மருந்து, பச்சை மருந்து. மீன் சோர்ந்தால் நம் கை தானாகப் போகும் இடங்கள் இவை. பஃபருக்கு மற்ற மீன்களைப் போலச் செதில் கிடையாது, வெறும் தோல்தான். அதனால் மற்ற மீன் தாங்குகிற அளவை இது தாங்காது, முக்கியமாகத் தாமிரம் கலந்த மருந்துகளை. என்ன நோய் என்று தெரியாமல் ஊற்றும் மருந்து நல்ல பாக்டீரியாவையும் கெடுத்து, முதல் நாள் செய்த வேலையையெல்லாம் வீணாக்கிவிடும்.

இரண்டாம் நாள்: தொல்லையைக் குறையுங்கள்

தண்ணீர் சரி என்றால் அடுத்தது இடம். தொட்டியின் மூன்று பக்கத்துக்குப் பேப்பர் ஒட்டுங்கள், கண்ணாடியில் தன் உருவத்தையே பார்த்துச் சண்டை போடுவது பாதி குறையும். விளக்கை அணையுங்கள், ஆனால் அறையை இருட்டாக்காதீர்கள். பஃபர் கண்ணால் வேட்டையாடும் மீன், பார்க்க முடியாவிட்டால் தின்னாது. ஜன்னல் வெளிச்சம் போதும்.

செடியை அள்ளிப் போடுங்கள். வேலம்பாசி, ஜாவா மாஸ், மேலே மிதக்கும் செடிகள், எதுவானாலும் சரி. தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியக்கூடாது, அவ்வளவு அடர்த்தி வேண்டும். தெருவில் விழுந்து கிடக்கும் நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்த இலை இரண்டைக் கழுவிப் போடலாம். தண்ணீர் லேசாக டீ நிறமாகும், அடியில் மறைவும் கிடைக்கும். பூச்சிமருந்து அடிக்காத மரமாகப் பாருங்கள். ஃபில்டர் தண்ணீரைச் சுழற்றி அடித்தால் ஓட்டத்தைக் குறையுங்கள், இது குட்டித் துடுப்பை வைத்துக்கொண்டு நீந்தும் மீன்.

கூட இருப்பவர்களையும் கவனியுங்கள். ஆண் பஃபருக்கு வயிற்றின் நடுவே ஒரு கருங்கோடு, கண்ணுக்குப் பின்னால் சுருக்கம் மாதிரி வரிகள் இருக்கும். ஒரு தொட்டியில் இரண்டு ஆண் இருந்து இடம் பற்றாவிட்டால் ஒன்று மற்றொன்றை மூலையில் முடக்கிவிடும், முடக்கப்பட்டது பட்டினி கிடக்கும். வாலில் கடித்த தடம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். அடிப்பவனைப் பிடித்து வலைப்பெட்டியில் ஒரு வாரம் போடுங்கள், அடிவாங்கியதை நகர்த்த வேண்டாம். ஒரு ஆணுக்கு 2, 3 பெண் என்ற கணக்கும், மூன்று மீனுக்கு 40 லிட்டர் தொட்டியும் நிம்மதியானவை.

மீனைப் பிடிக்க வேண்டி வந்தால் வலை வேண்டாம், ஒரு டம்ளரால் தண்ணீரோடு சேர்த்து மொள்ளுங்கள். பயந்தால் இது தண்ணீரை விழுங்கி வயிற்றை ஊதிக்கொள்ளும். தண்ணீருக்கு வெளியே தூக்கினால் காற்றை விழுங்கிவிடும், அதை வெளியேற்ற முடியாமல் தலைகீழாக மிதந்து செத்துப்போகலாம். உப்புவதைப் பார்க்க ஆசைப்பட்டுச் சீண்டுவதை யாராவது வீடியோ எடுத்துப் போட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது தீனி

தண்ணீரும் இடமும் சரியாகி ஒரு நாள் போகட்டும். அப்புறம் நத்தையில் தொடங்குங்கள். செடிக் கடையில் வாங்கும் செடியோடு இலவசமாக ஒட்டி வருமே, மெல்லிய ஓட்டோடு, மிளகு அளவில், அந்தக் குட்டி நத்தைதான். 4 நத்தையைப் போட்டுவிட்டு, எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, எழுந்து போய்விடுங்கள். நத்தையின் பெரிய நன்மை, மீன் தின்னாவிட்டாலும் உயிரோடு இருக்கும், தண்ணீரைக் கெடுக்காது. மறுநாள் வந்து எண்ணினால் விடை கிடைக்கும். கூம்பாக, திருகாணி மாதிரி நீண்ட ஓடுள்ள மலேசிய நத்தை வேண்டாம், அதன் ஓடு இந்தக் குட்டிப் பல்லுக்கு மிகக் கடினம்.

பசி திரும்புகிறதா என்பதை மீன் நத்தையைப் பார்க்கும் விதத்திலேயே கண்டுகொள்ளலாம். ஹெலிகாப்டர் மாதிரி ஓரிடத்தில் நின்று, வாலை லேசாக வளைத்து, ஒரு கண்ணால் நத்தையையும் மறு கண்ணால் உங்களையும் பார்க்கும். இரண்டு கண்ணும் தனித்தனியாக உருளும். நத்தை ஓட்டிலிருந்து தலையை நீட்டும்வரை காத்திருந்து, ஒரே கடி. கடிக்காமல் வெறும் பார்வையோடு போனாலும் நல்ல சேதிதான். நேற்றுவரை திரும்பியே பார்க்காத மீன் அது. நத்தையைச் சட்டை செய்யவே இல்லை என்றால் ஒன்றை விரல் நகத்தால் நசுக்கிப் போட்டுப் பாருங்கள், வாசனைக்கு வரும்.

அடுத்தது அசையும் உணவு. மொய்னா என்கிற குட்டித் தண்ணீர்ப்பூச்சி கிடைத்தால் அருமை, சென்னையில் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது சிரமமே இல்லை. ஆர்ட்டீமியா என்கிற உப்புநீர்க் குட்டி இறாலின் முட்டையை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் உப்பு போட்டு, ஏர் பம்ப் ஓடவிட்டால் 24 மணி நேரத்தில் பொரியும். தூத்துக்குடி உப்பளங்களில் தானாகவே வாழ்கிற உயிர்தான் இது. கொசுப்புழு பஃபருக்கு லட்டு மாதிரி. ஆனால் மொட்டைமாடியில் பக்கெட் வைத்து வளர்த்தால் கூட்டுப்புழு ஆவதற்குள் தினமும் வடிகட்டி எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் மறந்தால் தெருவுக்கே டெங்கு கொசு சப்ளை செய்வீர்கள், அம்மாவிடம் நான் வாங்கிய திட்டு இன்னும் நினைவிருக்கிறது. சாக்கடைப் பக்கமிருந்து அள்ளிவரும் உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழுவை, சோர்ந்திருக்கும் மீனுக்கு நான் கொடுக்கவே மாட்டேன்.

நத்தையும் மொய்னாவும் கிடைக்காத ஊரில் ஃப்ரோசன் பிளட்வார்ம், அதாவது கட்டியாக உறையவைத்து விற்கும் சிவப்புப் புழுதான் வழி. கட்டியில் கால்வாசியை ஒரு கிண்ணம் தொட்டித் தண்ணீரில் கரைத்து, சிவப்புச் சாற்றை வடித்துக் கொட்டிவிடுங்கள். இங்க் ஃபில்லரால் ஒரு புழுவை உறிஞ்சி, மீனுக்கு இரண்டு விரல்கடை தூரத்தில் மெல்ல விடுங்கள், கீழே இறங்கும்போது அது நெளிவதுபோல் தெரியும். மூக்குக்கு நேராக நீட்டினால் மிரண்டு ஓடும். விழுந்த புழு 10 நிமிடத்தில் தின்னப்படாவிட்டால் அதே ஃபில்லரால் எடுத்துவிடுங்கள். இந்தப் புழு சிலருக்குக் கையில் அரிப்பும் தும்மலும் கொண்டுவரும், இடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். பூண்டுச் சாற்றில் ஊறவைத்தால் பசி வரும் என்பார்கள். நானும் செய்து பார்த்தேன், வீடு மணந்தது, மீன் அசையவில்லை.

பெல்லட்? விடுங்கள். பெல்லட்டை மட்டும் போட்டுவிட்டு மீன் சாப்பிடவில்லை என்று கவலைப்படுபவர்களின் மீன் நன்றாகத்தான் இருக்கிறது, அதற்குச் சாப்பாடுதான் இன்னும் வரவில்லை.

தின்றும் மெலிந்தால்

வயிறு குழிந்தே இருக்கிறது, கழிவு வெள்ளை நூல் மாதிரி தொங்குகிறது என்றால் குடற்புழு. ஆட்டுக்குப் புழு நீக்கக் கொடுப்பார்களே, அந்த லெவாமிசோல் உருண்டைப் புழுக்களுக்கு வேலை செய்யும். நாடாப் புழுவுக்கு பிராசிகுவான்டெல். இரண்டும் தண்ணீரில் கலப்பவை, ஆகவே சாப்பிடாத மீனுக்கும் கொடுக்கலாம். லெவாமிசோல் வெளிச்சத்தில் வீணாகும் என்பதால் விளக்கை அணைத்துத் தொட்டியை மூடி, 24 மணி நேரம் கழித்துப் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். முட்டையிலிருந்து புதிதாக வருபவற்றுக்காக 2, 3 வாரத்தில் இன்னொரு முறை. அளவை மட்டும் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு அது, தொட்டியில் உண்மையில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று அளந்துகொண்டு, மீன் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள். பக்கத்தில் அப்படி யாரும் இல்லையென்றால் பொன்னேரியிலும் தூத்துக்குடியிலும் மீன்வளக் கல்லூரிகள் இருக்கின்றன, விசாரித்துப் பாருங்கள்.

வாயைப் பார்த்தீர்களா?

இரையை நோக்கி ஆசையாக வரும், வாயில் வைக்கும், துப்பும், மறுபடி வரும். இப்படியென்றால் பசி இருக்கிறது, பல்தான் தடுக்கிறது. பஃபரின் பல் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக, கிளி மூக்கு மாதிரி, சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். ஓடுள்ள தீனியைக் கடித்துத்தான் அது தேயும். பட்டாணி பஃபருக்கு நத்தை கிடைத்தால் இந்தப் பிரச்சினை அநேகமாக வராது. பச்சைப் புள்ளிக்கு மென்மையான தீனியே போட்டு வளர்த்தால் வரும். பல்லை வெட்டுவதற்கு மீனைக் கிராம்பு எண்ணெயில் மயக்க வேண்டும். வீடியோ பார்த்துவிட்டு வீட்டில் இறங்க வேண்டாம், ஒரு சொட்டு கூடினால் மீன் எழாது. மருத்துவர் செய்யட்டும்.

சாப்பிடத் தொடங்கியதும்

சந்தோஷத்தில் அள்ளிப் போட்டுவிடாதீர்கள். முதல் வாரம் ஒரு மீனுக்கு ஒரு வேளைக்கு 2, 3 புழு அல்லது 2 நத்தை, நாளுக்கு இரண்டு வேளை. வயிறு லேசாக உருண்டால் நிறுத்துங்கள். மெலிந்த மீன் தேறிய பிறகு வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடலாம், அதுவரை வேண்டாம். ஒரு மாதம்வரை வாரம் இருமுறை தண்ணீர் சோதனை, வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றம்.

அந்தப் பையன் தொட்டியில் அமோனியா 0.5 இருந்தது. இரண்டு நாள் தண்ணீர் மாற்றி, பேப்பர் ஒட்டி, என் வீட்டு வேலம்பாசி ஒரு கைப்பிடி கொண்டுபோய்ப் போட்டோம். அதில் ஒட்டிக்கொண்டு போன நத்தைகளை அவன் 9 என்று எண்ணி வைத்திருந்தான். ஐந்தாம் நாள் காலையில் ஒரு போட்டோ அனுப்பினான். மீன் அதில் இல்லை, சரளைமேல் கிடந்த காலி ஓடுகள் மட்டும். "ஆறு அண்ணா" என்று கீழே எழுதியிருந்தான்.